வாசகர் கேள்வி பதில்: தபாலில் வளர்ந்த அறிவியல்

சென்ற இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, டார்வின் ஒரு கடிதத்தில் ‘கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது’ என்று எழுதியதைப் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். சரி, இந்த முறை முழுக்க அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டு விஞ்ஞானிகளின் கடிதங்கள் பற்றி வந்தவற்றில் சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில்.

அந்தக் கொலை வாசகம் யாருக்கு எழுதியது? எதற்கு அப்படி எழுதினார்? பாதியில் விட்டுவிட்டீர்களே! — கும்பகோணம் வாசகி

ஜோசஃப் ஹூக்கர் என்ற தாவரவியலாளருக்கு எழுதியது. தேதி 1844 ஜனவரி 11. ஹூக்கருக்கு அப்போது 26 வயது, தென் துருவக் கடல்களைச் சுற்றிவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். டார்வினுக்கு 34. இருவருக்கும் அவ்வளவு பழக்கம்கூடக் கிடையாது. கடிதத்தின் பெரும்பகுதி, அந்தத் தீவில் என்ன செடி இருந்தது, இந்தத் தீவில் என்ன இருந்தது என்ற விசாரிப்புதான். நடுவில் திடீரென்று, உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று எனக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது என்று ஒரு வரி வருகிறது. கொலை வாசகம் அந்த வரிக்குள்ளேயே அடைப்புக்குறிக்குள் இருக்கிறது. வாக்கியத்தை முடிப்பதற்குள் மனிதருக்கு நாக்கு உலர்ந்துவிட்டது போல.

ஹூக்கரின் பதில்தான் எனக்கு இன்னும் பிடிக்கும். அதிர்ச்சியும் இல்லை, உபதேசமும் இல்லை. இந்த விஷயத்தில் இப்போதுள்ள கருத்துகள் எதுவும் எனக்குத் திருப்தி தரவில்லை, மாற்றம் எப்படி நடந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன் என்று எழுதினார். அந்தப் பதில் எரிந்து விழுவதாக இருந்திருந்தால் டார்வின் இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருப்பாரோ. அதற்கப்புறம் நாற்பது வருஷ நட்பு, இருவருக்கும் இடையே சுமார் 1,400 கடிதங்கள். ‘உயிரினங்களின் தோற்றம்’ நூல் வந்தது 1859 நவம்பரில், அதாவது இந்தக் கடிதத்துக்குக் கிட்டத்தட்ட பதினாறு வருஷம் கழித்து.

அப்போதே அறிவியல் பத்திரிகைகள் இருந்தனவே? அப்புறம் எதற்கு இத்தனை கடிதம்? — சேலம் வாசகர்

பத்திரிகையில் முடிந்த வேலை வரும். முடியாத வேலைக்குக் கடிதம்தான். மாதிரி கேட்பது, கணக்கைச் சரிபார்க்கச் சொல்வது, சந்தேகத்தைச் சொல்லிப் பார்ப்பது, யாருடைய கட்டுரையையாவது திட்டுவது, எல்லாம் தபாலில்தான். அன்றைய விஞ்ஞானிகளில் பலர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் சம்பளம் வாங்கியவர்கள் இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். ஒருவர் பாதிரியார், இன்னொருவர் ராணுவ டாக்டர், மற்றொருவர் சொந்தப் பணத்தில் கிராமத்தில் வீடு வாங்கி உட்கார்ந்தவர். பக்கத்து அறைக்குப் போய்க் கேட்கலாம் என்றால் பக்கத்து அறையில் யாரும் இல்லை.

பிரிட்டனில் 1840-க்கு முன்பு கடிதம் வாங்குபவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும், அதுவும் தூரத்தையும் எத்தனை தாள் என்பதையும் எண்ணி. அந்த வருஷம் ரோலண்ட் ஹில்லின் திட்டப்படி, அரை அவுன்ஸ் வரை நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் ஒரு பென்னி என்று ஆக்கினார்கள். மே மாதம் தபால்தலை வந்தது. டார்வின் லண்டனை விட்டு கென்ட் மாவட்டத்து டௌன் கிராமத்துக்குக் குடிபோனது 1842-இல். உடம்பு எப்போதும் சரியில்லாதவர், ஊரைவிட்டு நகர மாட்டார். ஆனால் மலிவான தபால் இருந்ததால் புறா வளர்ப்பவர், தோட்டக்காரர், நாய் வளர்ப்பவர், கப்பல் டாக்டர், தூர தேசத்து அதிகாரி என்று எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை வாங்கினார். 1846 முதல் 1854 வரை கடற்பாறைகளில் ஒட்டியிருக்கும் பார்னக்கிள் என்ற சின்ன உயிரினத்தையே ஆராய்ந்தார். அவற்றில் ஏராளமானவை கடன் கேட்டுப் பார்சலில் வரவழைத்தவை.

அவர் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக இன்று கிடைப்பவை மட்டும் சுமார் 15,000 கடிதங்கள், எழுதியவர்கள், பெற்றவர்கள் என ஏறக்குறைய 2,000 பேர். ‘மன்னிக்கவும், தொந்தரவு செய்கிறேன்’ என்று ஆரம்பித்து எட்டுக் கேள்வி கேட்பது அவர் பாணி. நம்மிடம் யாராவது அப்படிக் கேட்டால் பதில் போடுவோமா என்று தெரியவில்லை. அவருக்குப் போட்டார்கள்.

வாலஸின் கடிதத்தைப் பார்த்துவிட்டு டார்வின் அவருடைய கருத்தைத் திருடிக்கொண்டார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா? — மதுரை கல்லூரி மாணவர்

இந்த வழக்கு பல வருஷமாக நடக்கிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

1858 பிப்ரவரியில் இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் வாலஸ் இன்றைய இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுப் பகுதியில் காய்ச்சலில் கிடந்தார். அந்த நேரத்தில்தான் இயற்கைத் தேர்வு, அதாவது சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகுவதால் உயிரினங்கள் மெல்ல மாறுகின்றன என்ற எண்ணம் அவருக்கு வந்தது. எழுதினார். தெர்னாத்தே தீவிலிருந்து டச்சுத் தபால் கப்பலில் டார்வினுக்கு அனுப்பினார். பத்திரிகைக்கு ஏன் அனுப்பவில்லை என்று கேட்கலாம். அதற்கு முன்பே இருவருக்கும் கடிதப் பழக்கம் இருந்தது, டார்வின் அவரை உற்சாகப்படுத்தி எழுதியிருந்தார். அதனால் நம்பி, உங்களுக்குச் சரியென்று பட்டால் நிலவியலாளர் லயலிடம் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

அந்தக் கடிதம் ஜூன் 18-ஆம் தேதி வந்ததாக டார்வின் சொல்கிறார். அன்றே லயலுக்கு அனுப்பிவிட்டு, இதைவிட ஆச்சரியமான ஒற்றுமையை நான் பார்த்ததில்லை, என் சொந்தச் சரக்கு என்று இருந்ததெல்லாம் நொறுங்கிவிடும் என்று எழுதினார். அடுத்த வாரம் எழுதிய கடிதத்தில், அற்பத்தனமாக நடந்துகொண்டேன் என்று வாலஸோ வேறு யாரோ நினைப்பதைவிட என் புத்தகம் முழுவதையும் எரித்துவிடுவேன் என்கிறார். வீட்டில் அந்த நாட்களில் என்ன நிலைமை என்றால், ஒன்றரை வயதுக் குழந்தைக்கு செங்காய்ச்சல். ஜூன் 28-ஆம் தேதி குழந்தை இறந்துவிட்டது.

லயலும் ஹூக்கரும் ஒரு வழி செய்தார்கள். ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் மூன்று விஷயங்கள் சேர்த்து வாசிக்கப்பட்டன: டார்வின் 1844-இல் எழுதி வைத்திருந்ததிலிருந்து ஒரு பகுதி, 1857 செப்டம்பரில் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆஸா கிரேக்கு அவர் எழுதிய கடிதத்தின் பகுதி, கடைசியாக வாலஸின் கட்டுரை. கிரேக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். வாலஸின் கட்டுரை வருவதற்குப் பல மாதம் முன்பே டார்வினிடம் முழுக் கருத்தும் இருந்ததற்குச் சாட்சி அதுதான். ஆகவே ‘கருத்தைத் திருடினார்’ என்பது நிற்காது.

ஆனால் சந்தேகம் சும்மா கிளம்பியதும் இல்லை. தெர்னாத்தேயிலிருந்து வாலஸ் இன்னொரு நண்பரின் தம்பிக்கு எழுதிய கடிதம் ஜூன் 3-ஆம் தேதியே லெஸ்டர் நகரத்துக்கு வந்துவிட்டது, உறையில் முத்திரை இருக்கிறது. டார்வினுக்குப் போட்டதும் அதே கப்பலில் போயிருந்தால் பதினைந்து நாள் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? இதுதான் குற்றச்சாட்டு. 2012-இல் இரண்டு ஆய்வாளர்கள் பழைய கப்பல் கால அட்டவணைகளைத் தேடி எடுத்து, டார்வினின் கடிதம் அடுத்த மாதக் கப்பலில் போயிருக்க வேண்டும், சிங்கப்பூர், இலங்கையின் காலி துறைமுகம், சூயஸ் என்று மாறி மாறி வந்து ஜூன் 18-இல்தான் டௌன் கிராமத்தைத் தொட்டிருக்கும் என்று காட்டினார்கள். எனக்கு அந்த வாதம் பலமாகவே படுகிறது. வேறு சிலர் இன்னும் ஏற்கவில்லை.

மூலக் கடிதம் இருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். அது இல்லை, உறையும் இல்லை. இதில் சதி தேடுகிறவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் மளிகைக் கடையில் ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைப்பார்களே, டார்வினும் வந்த கடிதங்களை அப்படித்தான் குத்தி வைப்பார். கம்பி நிறைந்தால் சில வருஷக் கடிதங்களைக் கொளுத்திவிட்டுக் கம்பியைக் காலி செய்வார். 1862-க்கு முன் வந்தவை பெரும்பாலும் அப்படித்தான் போயின என்று அவர் மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். தேவையான பத்தியை மட்டும் கத்தரித்துத் தலைப்புவாரியாக வைத்துக்கொள்ளும் பழக்கமும் உண்டு.

எனக்கு உறுத்துவது வேறு. லண்டனில் வாசிப்பதற்கு முன் வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கேட்டுப் பதில் வர அரை வருஷம் ஆகியிருக்கும் என்பது உண்மைதான், ஆனாலும் கேட்கவில்லை. அவர் அப்போது நியூ கினியில் இருந்தார். பிறகு விஷயம் தெரிந்ததும் கோபப்பட்டாரா? அக்டோபரில் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், டார்வினும் ஹூக்கரும் எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள் என்று மகிழ்ந்து போய்ச் சொல்கிறார். 1889-இல் அவர் எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயரே ‘டார்வினிசம்’. பாதிக்கப்பட்டவர் என்று நாம் சொல்கிறவரே புகார் கொடுக்கவில்லை, நாம் என்ன செய்ய?

ஃபாரடேவுக்குக் கணக்கு வராது என்கிறார்கள். அப்புறம் மாக்ஸ்வெல் எழுதியதை எப்படிப் படித்தார்? — திருநெல்வேலி இயற்பியல் ஆசிரியர்

படித்தார், பயந்தார், அதை எழுதியும் அனுப்பினார். கொல்லர் வீட்டுப் பிள்ளை, புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் வேலை கற்றவர், பள்ளிப் படிப்பு கொஞ்சம்தான். காந்தத்தைச் சுற்றி விசைக் கோடுகள் இருப்பதாக அவர் சொன்னதைக் கணக்குப் பண்டிதர்கள் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1857-இல் அபர்தீனில் பேராசிரியராக இருந்த 25 வயது மாக்ஸ்வெல் அந்தக் கோடுகளுக்கே கணிதம் எழுதி அனுப்பினார். 65 வயது ஃபாரடேயின் பதில்: இவ்வளவு கணித பலத்தை இந்த விஷயத்தின் மேல் ஏவியதைப் பார்த்து முதலில் கிட்டத்தட்டப் பயந்தே போனேன், பிறகு விஷயம் அதை இவ்வளவு நன்றாகத் தாங்கி நின்றதைப் பார்த்து வியந்தேன்.

அதே வருஷம் நவம்பரில் இன்னொரு கடிதம். ஒரு கணித அறிஞர் தன் முடிவுக்கு வந்துசேர்ந்த பிறகு, அதைச் சித்திர எழுத்திலிருந்து சாதாரணப் பேச்சுக்கு மாற்றித் தரக்கூடாதா, எங்களைப் போன்றவர்களும் அதை வைத்துச் சோதனை செய்வோமே என்று கேட்கிறார். உலகமே மதித்த மனிதர், மகன் வயதுப் பையனிடம் கேட்கிறார். ஆசிரியர் என்பதால் உங்களுக்குச் சொல்கிறேன், வகுப்பில் வாய்விட்டு வாசிக்கத் தகுந்த கடிதம் அது.

மாக்ஸ்வெல் நான்கு வருஷம் கழித்து, 1861 அக்டோபர் 19-ஆம் தேதி, ஃபாரடேவுக்கு ஒரு செய்தி சொல்கிறார். வெபரும் கோல்ராஷும் செய்த மின்சோதனை எண்களைத் தன் சூத்திரத்தில் போட்டால், மின்காந்த அலையின் வேகம் வினாடிக்கு 1,93,088 மைல் வருகிறது. ஃபிஸோ நேரடியாக அளந்த ஒளியின் வேகம் என்று அவர் கையில் இருந்த எண் 1,93,118 மைல். சூத்திரத்தைக் கிராமத்து வீட்டில் போட்டேன், அப்போது வெபரின் எண்ணைப் பார்த்திருக்கவில்லை என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதாவது விடையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடவில்லை ஐயா என்கிறார். இரண்டு எண்ணுமே இன்றைய மதிப்பைவிடக் கொஞ்சம் அதிகம், அது வேறு விஷயம். ஒளியே ஒரு மின்காந்த அலை என்ற முடிவு இந்தப் பொருத்தத்திலிருந்துதான் கிளம்பியது.

மாக்ஸ்வெலுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1870 அக்டோபரில் பிரிட்டனில் அரைப் பென்னி போஸ்ட் கார்டு வந்ததும், அவரும் பள்ளித் தோழர் டெய்ட்டும் கார்டிலேயே கிண்டலும் கணக்கும் கலந்து தள்ளினார்கள். மாக்ஸ்வெலின் கையெழுத்து ‘டிபி பை டிடி’. வெப்பவியலில் ஒரு சமன்பாட்டில் அதற்குச் சமமாக வருவது அவருடைய பெயரின் மூன்று முதலெழுத்துகள். திறந்த கார்டுதான், யார் படித்தாலும் பாதகமில்லை.

நெப்டியூன் கோளைக் கடிதம் மூலம் கண்டுபிடித்தார்கள் என்பது கதையா? — திருச்சி வாசகர்

கதை இல்லை, நடந்தது. யுரேனஸ் கணக்கிட்ட பாதையில் ஓடாமல் விலகிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ ஒரு கோள் அதை இழுக்கிறது என்று வைத்து, பாரிஸில் லெ வெரியே அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்கிட்டு 1846 ஆகஸ்ட் கடைசியில் வெளியிட்டார். உள்ளூரில் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்க்க ஆளில்லை. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது: பெர்லினில் கால்லே என்று ஓர் இளம் வானியலாளர் முந்தைய வருஷம் தன் ஆய்வேட்டை அனுப்பியிருந்தார், அதற்கு நன்றிகூடச் சொல்லவில்லை! செப்டம்பர் 18-ஆம் தேதி உட்கார்ந்து, ஆய்வேட்டைப் பாராட்டிவிட்டு, அப்படியே மெல்ல, இந்த இடத்தில் ஒரு கோளைத் தேடிப் பார்க்க முடியுமா என்று எழுதினார். காரியம் ஆக வேண்டும் என்றால் கடிதம் எப்படி இனிக்கும் என்பதற்கு நல்ல மாதிரி.

கடிதம் 23-ஆம் தேதி பெர்லினுக்கு வந்தது. ஆய்வகத் தலைவர் என்கேவுக்கு அன்று 55-ஆவது பிறந்த நாள், வீட்டில் கொண்டாட்டம், அதிகம் விருப்பமில்லாமல்தான் சரி என்றார். டாரஸ்ட் என்ற மாணவரும் கூட வந்தார். வானத்தின் அந்தப் பகுதிக்குப் புதிதாக அச்சிட்ட விண்மீன் வரைபடம் ஆய்வகத்தில் இருந்தது. கால்லே தொலைநோக்கியில் ஒவ்வொரு விண்மீனாக இடம் சொல்ல, டாரஸ்ட் வரைபடத்தில் சரிபார்த்துக்கொண்டே வந்தார். நள்ளிரவு தாண்டி, ‘அது வரைபடத்தில் இல்லை!’ என்று கத்தினார். கணக்கிட்ட இடத்திலிருந்து ஒரு பாகை தூரம்கூட இல்லை. மறுநாள் இரவு பார்த்தபோது அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. நீங்கள் சுட்டிய கோள் உண்மையாகவே இருக்கிறது என்று 25-ஆம் தேதி பதில் போயிற்று.

இதற்கு மறுபக்கம் இங்கிலாந்தில். ஜான் கௌச் ஆடம்ஸ் என்ற இளைஞர் முந்தைய வருஷமே அதே கணக்கைப் போட்டிருந்தார். 1845 அக்டோபரில் கிரீனிச்சில் அரச வானியலாளர் ஏரியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடியாமல் முடிவை ஒரு தாளில் விட்டுவிட்டு வந்தார். ஏரி நவம்பரில் ஒரு கேள்வி கேட்டு எழுதினார், அந்தக் கேள்வி அற்பமானது என்று ஆடம்ஸ் நினைத்தார், பதில் போகவில்லை. எழுத ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திய ஒரு வரைவு மட்டும் இந்த நூற்றாண்டில் குடும்பக் காகிதங்களில் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் சாலிஸ் 1846 கோடையில் தேடவே செய்தார், ஆகஸ்டில் இரண்டு தடவை நெப்டியூனைப் பார்த்துக் குறித்தும் வைத்தார், குறிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. பெர்லின் செய்தி வந்ததும் பிரிட்டனும் பிரான்சும் இது யாருடைய கோள் என்று சண்டை போட்டன.

இந்தச் சண்டைக்குச் சாட்சியான கடிதங்கள் எல்லாம் கிரீனிச்சில் ஒரு கோப்பில் இருந்தன. அந்தக் கோப்பே 1960-களிலிருந்து காணோம்! ஒலின் எக்கன் என்ற வானியலாளரைச் சந்தேகித்தார்கள், என்னிடம் இல்லை என்றே சொல்லி வந்தார். 1998-இல் அவர் இறந்தபின், சிலி நாட்டில் இருந்த அவருடைய பொருட்களுக்குள் கோப்பு இருந்தது. இன்று கேம்பிரிட்ஜ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

மெண்டல் டார்வினுக்குக் கடிதம் எழுதினாராமே, டார்வின் உறையைப் பிரிக்கவே இல்லையாமே? — யாழ்ப்பாணம் ஆசிரியை

அப்படிக் கடிதம் எழுதியதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. டார்வினிடம் ஃபோக்கே என்பவர் எழுதிய ஒரு ஜெர்மன் புத்தகம் இருந்தது, அதில் மெண்டலின் பட்டாணிச் சோதனையைச் சொல்லும் பக்கங்கள் வெட்டிப் பிரிக்கப்படாமல் ஒட்டியே இருந்தன. அது எப்படியோ ‘பிரிக்காத கடிதம்’ ஆகிவிட்டது. அந்தப் புத்தகமே 1881-இல் வந்தது, டார்வின் அடுத்த ஏப்ரலில் இறந்துவிட்டார்.

மெண்டல் உண்மையில் எழுதியது மியூனிக்கில் இருந்த நேகெலிக்கு. அந்தக் காலத்தில் பெரிய தாவரவியல் பேராசிரியர். 1866 டிசம்பர் 31-ஆம் தேதி, புரூன் நகரத்து மடாலயத்திலிருந்து, பட்டாணிக் கட்டுரையோடு முதல் கடிதம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்த எண்களையெல்லாம் அனுபவத்தில் கிடைத்தவையாக மட்டும் கொள்ளுங்கள், வேறு செடிகளில் செய்து பாருங்கள் என்ற தோரணை. மெண்டல் மனம் தளராமல் 1867 ஏப்ரலில் நீண்ட விளக்கத்தோடு 140 விதைப் பொட்டலங்களை, ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று குறித்து, அனுப்பினார். போட்டு முளைக்க வைத்திருந்தால், எந்தப் பண்பு எத்தனை செடியில் வருகிறது என்ற விகிதம் தானே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். நேகெலி அதை முறையாகச் செய்து பார்க்கவில்லை.

அதோடு விட்டாரா? தனக்குப் பிடித்த ஹாக்வீட் என்ற செடியில் ஆராயுங்கள் என்று ஊக்குவித்தார். அந்தச் செடி மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே பெரும்பாலும் விதை உண்டாக்கிவிடும், அன்று யாருக்கும் அது தெரியாது. பட்டாணியில் கிடைத்த ஒழுங்கு அதில் எப்படிக் கிடைக்கும்? மிகச் சின்னப் பூக்கள், கண்ணாடியும் லென்ஸும் வைத்து வெளிச்சம் பாய்ச்சி வேலை பார்த்துக் கண் கெட்டுப்போய், கொஞ்ச காலம் நிறுத்த வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவிலும் அந்தக் கடிதங்களில் நகைச்சுவை இருக்கிறது. செடி தேடி மலை ஏற முடியவில்லை, சொர்க்கம் எனக்கு உடல் எடையைத் தாராளமாக அருளியிருக்கிறது, பொது ஈர்ப்பு விதியின் காரணமாக ஏற்றத்தில் அது நன்றாகவே உணரப்படுகிறது என்று ஒரு கடிதத்தில் எழுதுகிறார். 1868-இல் மடாலயத் தலைவர் ஆக்கிவிட்டார்கள், நிர்வாக வேலை விழுங்கிவிட்டது. 1873 நவம்பரில் எழுதிய கடைசிக் கடிதத்தில், செடிகளையும் தேனீக்களையும் இப்படிக் கைவிட வேண்டியிருப்பது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது என்கிறார். 1884-இல் நேகெலி பரம்பரை பற்றி ஒரு தடிப் புத்தகம் வெளியிட்டார், அதில் மெண்டல் பெயரே இல்லை. மெண்டல் இறந்ததும் அதே வருஷம். அந்தப் பத்துக் கடிதங்களை 1905-இல் அச்சில் கொண்டுவந்தவர் காரென்ஸ். அவர் யார் தெரியுமா? நேகெலியின் மாணவர், நேகெலி குடும்பத்து மாப்பிள்ளையும்கூட.

இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தீர்கள், டார்வினுக்கு இலங்கையோடு தொடர்பு உண்டா என்று. உண்டு. பேராதனைப் பூங்காவின் பொறுப்பில் இருந்த த்வெயிட்ஸ் அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தார். 1867-இல் டார்வின் முகபாவங்கள் பற்றிக் கேள்விப் பட்டியல் ஒன்றை உலகம் முழுக்க அனுப்பினார்: உங்கள் பகுதி மக்கள் ஆச்சரியப்பட்டால் கண்ணையும் வாயையும் அகலத் திறக்கிறார்களா, வெட்கத்தில் முகம் சிவக்கிறதா என்றெல்லாம். இலங்கையிலிருந்த கிளெனி என்ற பாதிரியார் அவருக்குப் பதில் எழுதியவர்களில் ஒருவர். பிடித்துக் கட்டிப்போட்ட இலங்கை யானைகளின் கண்ணில் நீர் வழிந்ததை இலங்கை பற்றி எழுதிய டெனன்ட் என்பவர் குறித்து வைத்திருந்ததையும், டார்வின் முகபாவங்கள் பற்றிய தன் நூலில் எடுத்துக் காட்டுகிறார்.

ராமானுஜன், ஹார்டி கடிதத்தை விட்டுவிட்டீர்களே? — ஈரோடு வாசகர்

1913 ஐயா, இருபதாம் நூற்றாண்டு! தனியாக ஓர் இதழ் வேண்டும் அதற்கு.

சென்னைக்கு இதில் பங்கே இல்லையா? குண்டூரில்தான் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டது என்றும் படித்தேன். — சென்னை வாசகர்

குண்டூர் அப்போது சென்னை மாகாணம். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்துக்கு பிரெஞ்சுக்காரர் ஜான்சன் அங்கே வந்தார். சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியில் பார்த்தவருக்கு, இவ்வளவு பளிச்சென்று தெரிகிறதே, கிரகணம் இல்லாத நாளிலும் தெரியுமே என்று தோன்றியது. மறுநாளே பார்த்துவிட்டார். அடுத்த மாதம்தான் பாரிஸ் அகாடமிக்கு எழுதினார். அதே முறையை லண்டனில் லாக்யர் அக்டோபர் 20-ஆம் தேதி தனியாகச் செய்து காட்டினார், அவர் செய்தியும் பாரிஸுக்குப் போனது. குண்டூர் விஷயம் கப்பலில் வந்துசேர, லண்டன் விஷயம் கால்வாய் தாண்டி வர, இரண்டும் அக்டோபர் 26-ஆம் தேதி ஒரே கூட்டத்தில் படிக்கப்பட்டன! சண்டை வராமல் இரண்டு பேர் முகத்தையும் ஒரே பதக்கத்தில் பொறித்தது பிரெஞ்சு அரசு.

ஆனால் ஹீலியம் என்று ஜான்சன் எங்கும் சொல்லவில்லை. ஹீலியத்தின் அடையாளமாக நிறமாலையில் வரும் மஞ்சள் கோடு அந்தக் கிரகணத்தில் பலர் கண்ணில் பட்டது, மசூலிப்பட்டினத்தில் சென்னை ஆய்வகத்தின் போக்சனும் பார்த்தார். அது சோடியம் கோடு இல்லை என்று பிடித்துக்கொண்டு போனவர் லாக்யர். பூமியில் அந்த வாயுவைப் பிடித்தது 1895-இல் ராம்சே. குண்டூர்ப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

போக்சனைச் சொன்னேன் அல்லவா, நுங்கம்பாக்கம் ஆய்வகத்துக்கு அவர் பேரில் வந்த ஒரு தந்தியும் உண்டு. பீலா வால்மீன் 1846-இல் இரண்டாக உடைந்து, 1852-க்குப் பிறகு காணாமல் போனது. 1872 நவம்பர் 27-ஆம் தேதி ஐரோப்பாவில் விண்கற்கள் மழையாகக் கொட்டின. வால்மீன் பூமியை உரசிக்கொண்டு தெற்கே போயிருக்கும், அங்கிருந்துதான் தெரியும் என்று ஜெர்மனியில் கிளிங்கர்ஃபூஸ் கணக்குப் போட்டார். 30-ஆம் தேதி சென்னைக்குத் தந்தி: ‘பீலா 27-இல் பூமியைத் தொட்டது, தீட்டா சென்டாரி அருகே தேடுங்கள்.’ மேகம் விலகியதும் டிசம்பர் தொடக்கத்தில் போக்சன் அங்கே ஒரு வால்மீனைப் பார்த்தும்விட்டார். கூத்து என்னவென்றால், அது பீலா இல்லை என்றே பிறகு முடிவானது. தவறான கணிப்பு, சரியான முகவரி, வேறொரு வால்மீன்.

இன்னும் முன்னால் போனால், ராபர்ட் வைட் என்ற டாக்டர் நாகப்பட்டினத்தில் இருந்தபோது, ரங்கையா வரைந்த செடிப் படங்களைக் கிளாஸ்கோவில் இருந்த வில்லியம் ஹூக்கருக்குக் கடிதங்களோடு அனுப்பினார். முதல் கேள்வியில் வந்த ஹூக்கரின் அப்பாதான் அவர். அவர் நடத்திய பத்திரிகையில் ரங்கையாவின் படங்கள் அச்சாயின.

எல்லாம் ஆண்களாகவே இருக்கிறார்களே? — கோயம்புத்தூர் வாசகி

பெயர் மாற்றி எழுதியவர்களையும் எண்ணினால் அப்படிச் சொல்ல முடியாது. பாரிஸில் சோஃபி ஜெர்மேன் 1804-இல் கணித மேதை காஸுக்கு ‘லெப்ளாங்க்’ என்ற ஆண் பெயரில் எழுத ஆரம்பித்தார். 1806-இல் நெப்போலியன் படை காஸ் இருந்த பிரன்ஸ்விக்கைப் பிடித்ததும், படைவீரன் கையில் ஆர்க்கிமிடீஸ் இறந்தது போல இவருக்கும் நேர்ந்துவிடுமோ என்று பயந்து, குடும்பத்துக்குத் தெரிந்த தளபதியிடம் சொல்லி விசாரிக்கச் செய்தார். யார் இந்தப் பெண் என்று காஸுக்குப் புரியவில்லை. பிறகு ஜெர்மேன் உண்மையைச் சொல்ல, 1807 ஏப்ரலில் காஸ் மனம் திறந்து பாராட்டி எழுதினார். அதற்குச் சில காலம் கழித்துப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

டார்வினுக்கு நியூ ஜெர்சியிலிருந்து மேரி ட்ரீட் என்பவர் பூச்சி தின்னும் செடிகள் பற்றி எழுதிய விவரங்கள் அவர் 1875 நூலில் பெயரோடு இருக்கின்றன. ஆனால் இன்னொரு கடிதமும் உண்டு. பெண்கள் அறிவில் தாழ்ந்தவர்கள் என்று உங்கள் நூலை வைத்துப் பேசுகிறார்களே, சரியா என்று மாசசூசெட்ஸைச் சேர்ந்த கரோலின் கென்னார்ட் கேட்டார். ஒழுக்கத்தில் உயர்ந்தவர்கள், அறிவில் தாழ்ந்தவர்கள்தான் என்று 1882 ஜனவரியில் டார்வின் பதில் எழுதினார். கென்னார்ட் விடவில்லை: பெண்ணின் சூழ்நிலையும் வாய்ப்பும் ஆணுடையது போல ஆகட்டும், அதன் பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள். சூழ்நிலையைப் பற்றி டார்வினுக்கே பாடம்! எனக்கு இந்த விவகாரத்தில் கென்னார்ட் கட்சி.

எந்த மொழியில் எழுதிக்கொண்டார்கள்? — விழுப்புரம் வாசகர்

ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன். டார்வினுக்கு ஜெர்மன் பெரும்பாடு. ‘ஜெர்மன் கற்க ஆரம்பித்துவிட்டேன்’ என்று ஹூக்கரிடம் பெருமையடிக்க, ‘அது என்ன பிரமாதம், நான் எத்தனையோ தடவை ஆரம்பித்திருக்கிறேன்’ என்றாராம் ஹூக்கர்.

இவற்றை நாம் படிக்க முடியுமா? எங்கிருந்து ஆரம்பிக்கலாம்? — புதுச்சேரி வாசகர்

டார்வினுடையவை கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் திட்டத்தில் 1974 முதல் தொகுக்கப்பட்டு, முப்பது தொகுதிகளாக அச்சிலும், இணையத்தில் இலவசமாகவும் இருக்கின்றன. ஃபாரடே, வாலஸ் கடிதங்களும் இணையத்தில் கிடைக்கும். எல்லாம் ஆங்கிலத்தில்தான், தமிழில் யாராவது ஒரு தொகுதியாவது கொண்டுவந்தால் நான் முதல் பிரதி வாங்குவேன்.

ஆரம்பிக்க 1862 ஜனவரியில் டார்வின் ஹூக்கருக்கு எழுதியவற்றைச் சொல்வேன். பேட்மன் என்பவர் ஒரு பெட்டி நிறைய ஆர்கிட் பூக்கள் அனுப்பியிருந்தார். அதில் மடகாஸ்கர் பூ ஒன்றின் தேன்குழாய் ஏறக்குறைய ஓர் அடி நீளம், தேன் அடியில் மட்டும். கடவுளே, எந்தப் பூச்சி இதை உறிஞ்ச முடியும் என்று வியந்து எழுதுகிறார். அவ்வளவு நீள நாக்குள்ள அந்துப்பூச்சி அங்கே இருக்க வேண்டும் என்று அதே வருஷம் புத்தகத்திலும் எழுதினார். பூச்சி வல்லுநர்கள் சிலர் கேலி செய்தார்கள். 1903-இல், அவர் இறந்து இருபத்தோரு வருஷம் கழித்து, மடகாஸ்கரின் அந்த அந்துப்பூச்சிக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள்.